குடத்தில் இருந்த பெயர்களும் இல்லாத பெயர்களும்

(ரெங்கத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பழங்காலத்து ஆட்சிமுறை ஒன்று இக்காலத்துக்கு முன்மாதிரியாக நிற்க இயலுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள வினா. மேலை நாட்டார் இவ்வினாவை உரோமக் குடியரசை நோக்கி எழுப்புவர். அமெரிக்க நாட்டின் புதிய அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் கட்டுரை எழுதிய மூவர், தம் பெயரை மறைத்துப் ‘புப்ளியசு’ என்னும் உரோமப் பெயரைப் புனைந்துகொண்டனர். அந்நாட்டு மேலவையின் பெயர் செனட். அது கூடும் மாளிகைக்கு உரோம நகரத்துக் குன்றொன்றின் பெயர். அவர்கள் உரோமைத் தேடிச் சென்றதுபோல் தமிழராகிய நாம் உத்திரமேரூரைத் தேடிச் செல்கிறோம். மக்களாட்சியை உலகுக்கு ஈந்தவர் நாமே, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே குடவோலையால் தேர்தல் நடத்தினோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பள்ளி நூல்களிலும் அது படமாக வந்து மாணவர் மனத்தில் பதிந்துவிட்டது.

அப்பெருமிதத்தைக் குலைப்பது நம் நோக்கமன்று. கல்லில் உள்ளதைக் கல்லில் உள்ளவாறே படித்து, அதனுள் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது எது, விட்டுவிட வேண்டியது எது எனப் பிரித்தறிவதே நோக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும். ஆதலின் உரோமிலிருந்து தொடங்குவோம்.

உரோமர் இட்ட கட்டுகள்

உரோமர் தம் கடைசி மன்னனைத் துரத்திக் குடியரசு நிறுவியது கி.மு. 509இல் என்பது மரபு. மன்னன் ஒருவனிடம் குவிந்திருந்த அதிகாரத்தை அவர்கள் கான்சல் எனப்படும் இருவரிடம் பிரித்தளித்தனர். இருவர்க்கும் ஓராண்டே பதவிக்காலம். ஒருவர் ஆணையை மற்றவர் தடுக்கலாம். பேரிடர்க் காலத்தில் முழு அதிகாரமும் ஒருவரிடம் தரப்படும். அதற்கும் ஆறு திங்களே எல்லை. எளிய மக்களைக் காக்க ‘டிரிபியூன்’ என்னும் காவலர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் ‘தடுக்கிறேன்’ என்று ஒரு சொல் சொன்னால் அரசுச் செயல் அப்படியே நின்றுவிடும். ஒருமுறை கான்சல் ஆனவர் மீண்டும் அப்பதவிக்கு வரப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்றும் விதி வகுத்தனர். மாகாணங்களில் ஆளுநராய் இருந்து பொருள் பறித்தவரை விசாரிக்கக் கி.மு. 149இல் நிலையான நீதிமன்றம் ஒன்றையும் அமைத்தனர்.

கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு இவ்வமைப்பைக் கண்டு வியந்தார். மன்னராட்சி, மேன்மக்களாட்சி, மக்களாட்சி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் நிற்பதே உரோமின் வலிமை என்பது அவர் கருத்து. பிற்காலத்து அமெரிக்கர் உரோமிலிருந்து எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி இக்கருத்தே.

உத்திரமேரூர்க் கல் சொல்வது

இனி உத்திரமேரூருக்கு வருவோம். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், வைகுந்தப் பெருமாள் கோயிலாக விளங்கும் சபை மண்டபத்தின் சுவரில் இரு கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், பொறிக்கப்பட்டது ஒன்று. 14ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 921இல் பொறிக்கப்பட்டது மற்றொன்று. வெங்கையா முதலிய கல்வெட்டறிஞர்கள் இவற்றைப் படித்து உலகறியச் செய்தனர். நீலகண்ட சாத்திரியார் சோழர் ஆட்சிமுறையை ஆராய்ந்தபோது இவற்றை விரிவாக விளக்கினார்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இங்குக் குடும்பு என்பது குடும்பத்தைக் குறிக்காது. ஊரின் ஒரு பகுதியைக் குறிக்கும். குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதி, அக்குடும்பின் பெயர் எழுதிய வாயோலையோடு கட்டாகக் கட்டுவர். சிறியோரும் பெரியோரும் நிறையச் சபை கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாச் சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்திலிட்டுக் குலைப்பர். மீண்டும் அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசிப்பான். நம்பிமார் அனைவரும் அதை வாசிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும். விரலை ஏன் விரிக்க வேண்டும்? வேறோர் ஓலையைக் கைக்குள் மறைத்து மாற்றிவிடாதிருக்க. மனிதர் எவ்விடத்தில் ஏமாற்றுவர் என்பதை நன்கறிந்த முன்னோர் எழுதிய விதி இது.

இவ்வாறு 30 குடும்புக்கும் 30 பேர் வருவர். அவருள் 12 பேர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியவர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே இருந்தன. பதவிக்காலம் 360 நாள். குற்றம் செய்தவர் எனக் காணப்பட்டவர் அந்நொடியே நீக்கப்படுவர். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. எல்லாவற்றினும் கடுமையானது கணக்குப் பற்றிய விதி. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமன்று, அவருடைய மகன், தந்தை, உடன்பிறந்தார், மாமன், மருமகன் எனச் சுற்றத்தார் பெயரும் குடத்தில் இடப்படாது. பொய் ஆவணம் புனைந்தவர்க்கும் பிறர் பொருளைக் கவர்ந்தவர்க்கும் இடமில்லை.

மாணவர்கள் கருதத்தக்க செய்தி மேலும் ஒன்று உண்டு. கி.பி. 919இல் வகுத்த விதியை ஈராண்டுக்குள் அவர்களே திருத்தினர். முதலில் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு பின்னர் 35 முதல் 70 ஆயிற்று. தகுதியின்மைக்குரிய காரணங்களும் விரிவாக எழுதப்பட்டன. கல்லில் வெட்டிய விதியும் பிழையானால் திருத்தப்படலாம் என்ற துணிவு அவர்களிடம் இருந்தது.

தேர்தலா, திருவுளமா?

இவற்றைத் தேர்தல் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் எவரும் எவர்க்கும் வாக்களிக்கவில்லை. குடவோலை, சீட்டுக் குலுக்கல் முறை. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் ஓலைக் குடம் உவமையாக வருவதால், குடத்தில் ஓலையிடும் வழக்கம் சோழர்க்கும் முற்பட்டது என அறிகிறோம். வாக்கெடுப்பும் குலுக்கலும் வெவ்வேறு நோய்க்கு மருந்து. வாக்கெடுப்பு மக்களின் விருப்பத்தை வெளிப்படுத்தும். ஆனால் பணமுள்ளவனும் நாவன்மை உள்ளவனும் வெல்ல இடந்தரும். குலுக்கல் அவ்விருவரையும் வெல்லவிடாது. ஆனால் தவறு செய்தவரை அடுத்தமுறை தோற்கடிக்கும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்காது. அக்குறையை நிரப்பவே கணக்கு விதியும் மூன்றாண்டு இடைவெளியும் உடன் வைக்கப்பட்டன.

குலுக்கல் இக்காலத்துக்கு ஒவ்வாதது என்றும் தள்ளிவிட இயலாது. அயர்லாந்து நாட்டில் 2016 முதல் 2018 வரை நடந்த குடிமக்கள் பேரவைக்கு 99 குடிமக்கள் குலுக்கல் முறையால் தெரிவுசெய்யப்பட்டனர். நாட்டைப் பல்லாண்டாகப் பிளவுபடுத்திய வினாக்களை அவர்கள் அமர்ந்து ஆராய்ந்து பரிந்துரை தந்தனர். முடிவை நாடு முழுவதும் வாக்கெடுப்பால் செய்தது. ஆராய்வதற்குக் குலுக்கல், முடிவுக்கு வாக்கு என இரண்டும் அங்கே துணைநின்றன.

குடத்தில் யார் பெயர் இருந்தது?

இதுகாறும் விதிகளின் சிறப்பைப் பார்த்தோம். இனிக் கசப்பான வினாவுக்கு வருவோம். அக்குடத்தில் யார் பெயர் இருந்தது?

உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் ஒரு பிரமதேயம். அந்தணர்க்கு வழங்கப்பட்ட ஊர். குடத்தில் பெயரிடத் தகுதி பெற, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். கால் வேலி என்பது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் ஓதியிருக்க வேண்டும். அரைக்கால் வேலியே உடையவராயின் கல்வி மிகுந்திருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. உழுத கையும், நட்ட கையும், ஏரியில் தூர் வாரிய கையும் அவ்வூரில் இருந்தன. அவர் பெயர் ஓலையில் ஏறவில்லை. ஏரி வாரியம் இருந்தது. ஏரியை வெட்டியவர் அதில் இல்லை.

உரோமிலும் இதே நிலைதான். அங்கே கான்சலைத் தேர்ந்த பேரவையில் 193 பிரிவுகள். ஒரு பிரிவுக்கு ஒரு வாக்கு. தொடக்க அமைப்பின்படி குதிரை வீரர் பிரிவு 18, முதல்தரச் செல்வர் பிரிவு 80, ஆக 98. இவர்கள் ஒன்றுபட்டால் அதுவே பெரும்பான்மை. மற்றவர் வாக்களிக்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும். சொத்தற்ற ஏழைகள் எத்தனை ஆயிரவராயினும் அவர்க்கு ஒரே பிரிவு, ஒரே வாக்கு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதுவும் இல்லை.

இங்கு ரெங்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது ஒன்றை எண்ணாதிருக்க இயலவில்லை. இவ்வவையில் உள்ளோரிற் பலர், பால்மரக் காட்டில் வெட்டுக்கத்தி பிடித்தவரின் பேரர்கள். செம்பனைக் குலை சுமந்தவரின் பிள்ளைகள். தமிழகத்தில் கால் வேலி நிலம் இருந்திருந்தால் நம் முன்னோரிற் பெரும்பாலார் கப்பலேறியிருக்கவே மாட்டார்கள். நிலமின்மையும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் தள்ளியதால்தான் அவர்கள் கடல் கடந்தனர். உத்திரமேரூர்க் குடத்தில் அவர்கள் பெயர் இருந்திராது. தோட்டத்து லயத்தில் குடியிருந்தபோதும், அவர்கள் படுத்த இடம் தோட்டத்துக்கே சொந்தம். சொந்த மனையில் வீடு என்னும் தகுதியும் அவர்களுக்கு இருந்ததில்லை. நம்மை வெளியே நிறுத்திய குடத்தை நம் பெருமை என்று நாமே தூக்கிப் பிடிக்கும்போது, அதைக் கண்திறந்து பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அக்காலத்தை அக்காலத்து அளவுகோலால் அளக்க வேண்டும், இன்றைய சமத்துவத்தை அங்கே தேடுவது முறையன்று எனச் சிலர் மறுக்கலாம். வரலாறு எழுதும்போது அம்மறுப்பு சரியானதே. பத்தாம் நூற்றாண்டினரை நாம் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் முன்மாதிரி என்னும் சொல்லை எடுத்தவுடனே நாம் பழமையை இன்றைக்கு அழைத்து வருகிறோம். இன்றைக்கு வருவது இன்றைய அளவுகோலுக்கு உட்பட்டாக வேண்டும்.

வட்டம் விரிந்தபோது

சிறிய வட்டத்துக்குள் அமைந்த கட்டுகள், வட்டம் விரியும்போது என்னவாகும்? உரோம வரலாறு இதற்கு விடை தருகிறது. கி.மு. 133இல் திபேரியசு கிராக்கசு என்னும் டிரிபியூன், பொதுநிலத்தை ஏழை உழவர்க்குப் பகிர்ந்தளிக்கச் சட்டம் கொணர்ந்தார். மறுமுறையும் அப்பதவியை நாடியபோது, செனட்டர் சிலரும் அவர்தம் ஆட்களும் திரண்டு வந்து அவரையும் அவரைச் சார்ந்தோரையும் அடித்துக் கொன்றனர். பின்னர் மாரியசு கி.மு. 104 முதல் 100 வரை ஆண்டுதோறும் கான்சல் ஆனார். பத்தாண்டு இடைவெளி காற்றில் பறந்தது. கி.மு. 88இல் சுல்லா தன் படையோடு தலைநகருக்குள் நுழைந்தார். போர் தொடுத்து உரிமை பெற்ற இத்தாலிய மக்கள் குடிமக்கள் ஆயினர். ஆயினும் வாக்களிக்க உரோம் நகருக்கே நேரில் வர வேண்டியிருந்தது. தொலைவிலிருந்த ஏழைக்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றது. கி.மு. 44இல் சீசர் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார், கி.மு. 27இல் அகசுதசு ஆட்சியோடு குடியரசின் பெயர் மட்டுமே எஞ்சியது. விதிகள் எவையும் எழுத்தில் அழியவில்லை. அவற்றை மீறியவரைத் தடுக்கும் விருப்பம்தான் அழிந்தது.

இந்தியா விடுதலை பெற்றபின் இதே வினா அங்கும் எழுந்தது. பழைய கிராமச் சபையே புதிய அரசியலமைப்பின் அடித்தளமாகட்டும் என்றனர் பலர். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியலமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்க மறுத்தார்; கிராமத்தின் குறுகிய மனப்பான்மையைக் கடுமையாகச் சாடி, தனிமனிதனையே அலகாகக் கொண்டதற்கு மகிழ்ந்தார். 1992இல் நிறைவேறிய 73ஆம் சட்டத்திருத்தம் ஊராட்சிகளை மீண்டும் கொணர்ந்தது. இம்முறை ஒவ்வொரு பெரியவர்க்கும் வாக்கு; பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு. குடம் எல்லார்க்கும் திறந்தது.

திறந்தவுடன் எல்லாம் சீராகிவிடவில்லை. மதுரை மாவட்டத்து மேலவளவு, பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 சூன் 30ஆம் நாள் மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தோரால் 2006 வரை முறையான ஊராட்சித் தலைவர் அமையவில்லை. உரோமில் கிராக்கசுக்கு நேர்ந்ததும் மேலவளவில் முருகேசனுக்கு நேர்ந்ததும் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே உண்மையைச் சொல்கின்றன. வெளியே நின்றவர் உள்ளே வரும்போது, உள்ளிருப்போர் அவரைச் சமமாக ஏற்றாலன்றி விதி மட்டும் அவரைக் காப்பதில்லை.

நம் மண்ணில்

நாம் வாழும் ஜொகூர் மாநிலமும் எழுதிய விதியின் அருமையை அறிந்த மண்தான். 1895இல் சுல்தான் அபு பாக்கார் இம்மாநிலத்துக்கு எழுத்து வடிவிலான அரசியலமைப்பை வழங்கினார். மலாய் மாநிலங்களுள் அதுவே முதலாவது. உரோமர் பன்னிரண்டு பலகைகளில் சட்டங்களைப் பொறித்து வைத்ததும், உத்திரமேரூரார் கோயிற் சுவரில் வெட்டியதும், ஜொகூர் ஏட்டில் எழுதியதும் ஒரே நோக்கின: விதி ஆள்பவரின் நாவில் மட்டும் இராமல் எல்லாரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் முன்பு நடந்தன. இந்தோனேசியாவுடனான பகைமைக் காலத்தில், 1965இல், அவை நிறுத்திவைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. அது 1968இல் அளித்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. அறிக்கைக்குத் தலைமை தாங்கியவர் தமிழர் என்பதை நம் மாணவர் பலர் அறியார். உத்திரமேரூரை அறிந்த அளவு ஆதி நாகப்பன் அறிக்கையையும் அவர்கள் அறிய வேண்டும். இன்னொன்றையும் அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். 18 வயதினர்க்கு வாக்குரிமை தந்த திருத்தத்துக்குப்பின் முதன்முதலாக அவர்கள் வாக்களித்தது 2022 மார்ச்சு 12ஆம் நாள் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில். உத்திரமேரூர் 35 வயதில் திறந்த வாயில் இங்கே 18 வயதில் திறக்கிறது.

எடுப்பதும் விடுப்பதும்

இனி வினாவுக்கு விடை சொல்லலாம். பழைய ஆட்சிமுறையை முழுதாக எடுத்து நட இயலாது. யார் உள்ளே, யார் வெளியே என்பதில் உரோமும் உத்திரமேரூரும் நமக்கு முன்மாதிரி ஆகா. அதில் நாம் அவர்களைக் கடந்துவிட்டோம், கடந்ததே நன்று. அதிகாரம் பெற்றவரைக் கட்டுவது எப்படி என்பதில் அவர்கள் இன்னும் நமக்கு ஆசான்கள். அதில் நாம் அவர்களை எட்டவில்லை.

எட்டவில்லை என்பதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. நம் கோயில் நிருவாகங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், மொழி அமைப்புகள் ஆகியவற்றைப் பார்ப்போம். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் ஆண்டுக் கணக்கைப் பதிவதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது. அனுப்புவதோடு கடமை முடிந்ததென்று கருதுகிறோம். உறுப்பினர் படித்துக் கேள்வி கேட்கிறார்களா? கேட்டவரை நன்றியுடன் பார்க்கிறோமா, பகைவராகப் பார்க்கிறோமா? ஒரே பெயர் இருபதாண்டு தலைவராகவும், அவர் உறவினரே பொருளாளராகவும் இருப்பதைத் தொண்டு என்று பாராட்டிவிட்டு, அதே மேடையில் குடவோலையின் பெருமை பேசுவது பொருந்துமா?

ஆதலின் மூன்று செய்திகளை நம் அமைப்புகள் தாமே மேற்கொள்ளலாம். அரசாணை எதுவும் தேவையில்லை. பதவியில் இருந்தவர் சில ஆண்டு விலகியிருந்து பின்னர் வருவது முதலாவது. கணக்கை ஒப்படைத்து அவை ஏற்கும்வரை அவரோ அவர் சுற்றத்தாரோ மீண்டும் நிற்காதிருப்பது இரண்டாவது. ஆண்டுக் கணக்கைக் கூட்டத்தன்று மட்டும் காட்டாமல், முன்கூட்டியே அனைவரும் காணும் சுவரில் ஒட்டுவது மூன்றாவது. இவற்றோடு நான்காவதாக, உத்திரமேரூர் செய்யாத ஒன்றையும் நாம் செய்ய வேண்டும். பெண்களின் பெயரும், இளையோர் பெயரும், சந்தா கட்டவும் தயங்கும் ஏழை உறுப்பினரின் பெயரும் குடத்தில் உள்ளனவா என்று ஒவ்வோராண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். குடவோலைப் பாடம் நடத்தும் நாளில், வகுப்புத் தலைவரைக் குடத்தில் சீட்டிட்டுத் தெரிவுசெய்து பாருங்கள். சீட்டை எடுக்கும் பிள்ளையின் விரலை விரிக்கச் சொல்லுங்கள். முதலில் உத்திரமேரூர் விதிப்படி சொந்த வீடும் நிலமும் உடையோர் பெயரை மட்டும் இடுவதாகச் சொல்லி, எத்தனை சீட்டு எஞ்சும் என்று அவர்களையே எண்ணிப் பார்க்க விடுங்கள். எவர் வீட்டு நிலையையும் கேட்டறிய வேண்டியதில்லை. பின்னர் எல்லார் பெயரையும் இட்டுக் குடத்தைக் குலுக்குங்கள். இரண்டு குடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமே உணர்வர்.

கல்லில் எழுதிய முன்னோர்க்கு நாம் செலுத்தும் மரியாதை, அவர்கள் விதித்த கணக்கை நாம் கேட்பதும், அவர்கள் விட்டுவிட்ட பெயர்களை நாம் எழுதிச் சேர்ப்பதுமே ஆகும்.